மூன்று கிலோ கூடாரம்

"யானை உள்ள படுத்து எழுந்து போனாலும் இந்தத் துணி கிழியாது பெரியவரே. நான் சொல்லல, பட்டாளமே சொல்லுது."

சொல்லிக்கொண்டே ஹனீஃபா பச்சைக் கித்தான் கூடாரத்தை விரித்தார். ஒடுகத்தூர் கடைவீதியில் பாதி மறைந்துபோனது. பட்டாளத்தில் கழித்துவிட்ட சாமான்களை ஏலத்தில் எடுத்து விற்கிற கடை அது. உள்ளே சாமானுக்கு மட்டும்தான் இடம். எழுபத்தொன்பதாம் வருஷத்து ஐப்பசி மழைக்கு ஒதுங்க வந்த எலிகூட இடமில்லாமல் திரும்பிப் போயிற்று என்று ஹனீஃபாவே பெருமையாகச் சொல்லுவார்.

ஜவ்வாது மலையிலிருந்து விடிவதற்கு முன்பே இறங்கி வந்திருந்த கோபால்சாமி, கூடாரத்தின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது.

"இன்னா பாய் இது, கல்யாண மண்டபத்தையே சுருட்டி வெச்சிருக்கே. எட்டு மாசக்காரி தூக்கினு நடக்கணும். அந்த மாதிரி காட்டு."

"மாசமா இருக்கறவ எதுக்குத் தூக்கணும்? புருசன் இன்னா பண்றான்?"

"அவன் கையை ஒடிச்சுட்டாங்க."

ஹனீஃபா துணியைக் கீழே விட்டார்.

"எங்க ஊர்ப் பொண்ணு பாய். மலைக்குக் கீழ இருக்கற கீழ்நாட்டுப் பையனைக் கட்டிக்கிச்சு. ஊர் கூடித் தள்ளி வெச்சுட்டாங்க. யாரும் அதுங்களுக்குக் கூரை குடுக்கக் கூடாது, நெருப்பு குடுக்கக் கூடாது, கஞ்சி ஊத்தக் கூடாது. மீறினா மீறினவங்களுக்கும் அதே கதிதான்."

"பையன் வூட்டுக்குப் போய்ட வேண்டியதுதானே?"

"அங்கயும் கதவைச் சாத்திட்டாங்க. இப்ப காட்டுல பாறைக்குப் பாறை மாறிக்கினு இருக்குதுங்க. ஒரே எடத்துல ரெண்டு நாள் தங்கினா நாயை வுட்டுத் தொரத்துறாங்க. அஞ்சு நாளா மழை. பொண்ணுக்குக் காலெல்லாம் வீக்கம், நேத்துலேர்ந்து காய்ச்சல்."

ஹனீஃபா உள்ளே போய் ஒரு வெள்ளைத் துணிக் கூடாரத்தை எடுத்து வந்தார். கோபால்சாமி கடைப் பானையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். ஊற்றிய வேகம் குறையாமல் அது அடுத்த பக்கம் இறங்கியது.

"காப்பி வடிகட்ட ஆவும். அதுவுமில்லாம வெள்ளை. மலை உச்சியிலேர்ந்து பார்த்தாலே தெரியும். யாரோ குடுத்திருக்காங்கன்னு கண்டுபிடிச்சுடுவாங்க."

மூன்றாவதாக வந்தது பாராசூட் துணியில் தைத்தது. பாசி நிறம். பக்கத்துக் கடையில் புளி நிறுக்கிற தராசில் போட்டார்கள். கம்பி, கயிறு, முளை எல்லாம் சேர்த்து மூன்று கிலோ. சொம்புத் தண்ணீர் அதன்மேல் விழுந்து பாதரசம்போல உருண்டு ஓடியது. கோபால்சாமியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் உடனே அவர் ஒரு காரியம் செய்தார். துண்டை எடுத்துத் தன் வலது கையை உடம்போடு சேர்த்துக் கட்டச் சொன்னார்.

"பையனுக்கு எடது கைதான் ஒழுங்கா இருக்கு. ஒத்தைக் கையால கட்ட முடியுதான்னு பார்க்கணும்."

நடுத்தெருவில், ஐம்பது வயது மனிதர், முளைக்கயிற்றைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டார். இரண்டு தடவை சரிந்து அவர்மேலேயே விழுந்தது. மூன்றாவது தடவை நின்றது. வேடிக்கை பார்த்தவர்களில் ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.

"இன்னா வெலை பாய்?"

"நூத்தி அம்பது."

"தொண்ணூறுதான் இருக்கு. கடுக்கனை இப்பத்தான் வித்துட்டு வர்றேன்."

அவர் காதில் ஓட்டை காலியாக இருந்தது. ஹனீஃபா அதையே பார்த்தார்.

"உங்களுக்குப் பொண்ணு முறையா?"

"முறைதான்."

"அந்தத் தீர்ப்பு சொன்னவன் யாரு?"

"ஊர்த்தலைவன், ஊர்க்கவுண்டன்."

"அவன் வாயில புழு வெக்க."

"வெக்கட்டும் பாய்."

"நூத்தி நாப்பது குடுங்க. அவனுக்கெல்லாம் சோறு எப்படி எறங்குது?"

"எறங்கலன்னுதான் கேள்வி."

"நூத்தி முப்பது. அவன் செத்தா கட்டை வேகாது."

"வேகவே வேகாது."

இப்படி ஒரு சாபத்துக்குப் பத்து ரூபாய் குறைந்துகொண்டே வந்தது. ஹனீஃபா திட்டத் திட்ட, கோபால்சாமி பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிறவர்போல எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தொண்ணூறில் வந்து நின்றபோது ஹனீஃபாவுக்குச் சாபம் தீரவில்லை, மூச்சுதான் தீர்ந்தது.

"எடுத்துட்டுப் போங்க. இருட்டறதுக்குள்ள அந்தப் புள்ளை தலைக்கு மேல இது நிக்கணும். உங்களை மாதிரி ஒருத்தர் அந்த ஊர்ல இருக்கறதாலதான் அங்க மழையே பெய்யுது."

கோபால்சாமி கூடாரத்தைக் கோணிப்பையில் திணித்து, மேலே, கையோடு கொண்டுவந்திருந்த ரெண்டு படி கடலைக்காயைக் கொட்டி மூடினார். வாயைச் சணலால் இறுக்கிக் கட்டினார்.

அப்போதுதான், மலை ஊரில் சேதி சொல்லுகிற காசி, முழங்கால்வரை சேறோடு கடைவீதியில் ஓடி வந்தான். கோபால்சாமியைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான்.

"உங்களை எங்கெல்லாம் தேடறது ஊர்க்கவுண்டரே? ஊரே கூடிக் காத்துங்கெடக்கு. காட்டுல உங்க பொண்ணுக்குச் சாமைக் கஞ்சி ஊத்தினவங்களைக் கையும் களவுமா புடிச்சு வெச்சிருக்கோம். நீங்க வந்து அன்னிக்குச் சொன்ன அதே தீர்ப்பைச் சொன்னாத்தான் ஆச்சு."

ஹனீஃபா கையிலிருந்த தொண்ணூறு ரூபாயைப் பார்த்தார்.

கோபால்சாமி கோணிப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "யாரு?"

காசி தரையைப் பார்த்தான்.

"உங்க வூட்டம்மாதாங்க."