கால் மணி நேரம்

"உள்ள அப்படி என்னக்கா சிரிப்பு?"

குடும்ப ஆலோசனை மையத்தின் வரவேற்பு மேசையில் இருந்த எழுத்தர் அம்மாள் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தினாள். கேட்டவள் எதிர் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். இஸ்திரிக் கடையில் வேலை செய்பவள். வலது கையில் மணிக்கட்டு வரை கட்டு.

"யார் சிரிச்சா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

பெஞ்சில் இருந்தவளுக்குக் கேட்டது. சாத்திய கதவுக்குப் பின்னால் அவள் புருஷனும் அந்த ஆலோசகப் பெண்ணும் இருந்தார்கள். புருஷன் பெண்டாட்டியைத் தனித்தனியாகத்தான் கேட்பார்களாம். இவளை அரை மணியில் வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். அவன் உள்ளே போய் ஐம்பது நிமிடம் தாண்டிவிட்டது. கடிகாரத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்ததில் கழுத்து வலித்தது.

ஆலோசகப் பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. காலில் மெல்லிய வார் வைத்த புதுச் செருப்பு. அவன் கண் முதலில் அங்கேதான் போயிருக்கும். செருப்புக் கடை விற்பனையாளன். முட்டி போட்டு ஊர்ப் பெண்களின் காலைப் பிடிப்பதுதான் அவனுக்குச் சம்பளம். கல்யாணமான புதிதில் அதைச் சொல்லி அவளே கேலி செய்திருக்கிறாள். பிறகு சிரிப்பு வற்றிவிட்டது. வாடிக்கையாக வரும் பெண்களில் யாருக்கு எந்த அளவு என்று அவன் மனப்பாடமாகச் சொல்வான். பெண்டாட்டியின் அளவை மட்டும் ஒருநாள் அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டான். அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

போன வாரம் நடந்ததையும் அவள் உள்ளே ஒளிக்காமல்தான் சொன்னாள். யாரோ ஒருத்தி, அளவு வந்துவிட்டதா என்று அவன் கைபேசிக்குச் செய்தி அனுப்பியது, யாரென்று இவள் கேட்டது, வார்த்தை தடித்தது, பீரோக் கண்ணாடி நொறுங்கியது, மாடி வீட்டுக்காரர்கள் ஓடிவந்து கதவைத் தட்டியது. இது முதல் தடவையா என்று கேட்டபோது, மூன்றாவது என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

நாலு நாளாக அவன் தன் அக்கா வீட்டில் இருக்கிறான். இவள் கூப்பிட்டால் நாத்தனார் எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிடுகிறாள். இன்றைக்கு எப்படியாவது அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். அவனுக்குப் பிடித்த நீலச் சட்டையை இடது கையாலேயே தேய்த்து, மடிப்புக் கலையாமல் பையில் எடுத்து வந்திருக்கிறாள்.

எழுத்தர் அம்மாள் தண்ணீர் கொடுத்தாள். கை வலிக்கிறதா என்று கேட்டாள்.

"கை கிடக்குதுக்கா. இன்னிக்கு என்கூட வந்துடுவார்ல?"

அம்மாள் டம்ளரை வாங்கி வைத்தாள்.

கதவு திறந்தது. அவன் முழுக்கைச் சட்டையில், தலையைக் குனிந்துகொண்டு வந்தான். ஆலோசகப் பெண் தாழ்ந்த குரலில் என்னவோ சொல்லிக்கொண்டே வாசல் வரை கூட நடந்தாள். அவள் சொன்னதற்கெல்லாம் அவன் தலையாட்டினான். வீட்டில் ஒருநாளாவது இப்படித் தலையாட்டியிருக்கிறானா? அவன் இவள் பக்கம் திரும்பவே இல்லை.

பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். எழுத்தர் அம்மாள் மேசையைச் சுற்றி வந்து குறுக்கே நின்றாள்.

"உட்காரும்மா. கால் மணி நேரம் கழிச்சுப் போகலாம்."

"அவர் போறாருக்கா. விடுங்க, பஸ் ஏறிடுவார்."

"ஏறட்டும். இங்க வழக்கமே அதுதான். அடி வாங்கினவங்களை முதல்ல அனுப்பிடுவோம்."