பேசியது யார்?

பதினோரு கட்டளைகள் முடிந்துவிட்டன. மிச்சம் ஒன்று.

ஒன்பது வருடங்களுக்கு முன் அவளே எழுதிய புரோகிராம். கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால், டயாலிசிஸ் மையத்துக்கு நாளை யார் யார் வரவேண்டும் என்ற பட்டியல் வரும். இன்னொரு வரி அடித்தால் இடத்துக்காகக் காத்திருப்பவர்கள். பார்க்க அழகாக இருக்காது. ஒருநாளும் மக்கர் செய்ததில்லை.

இனிமேல் அந்த வரிகளை ஏஐ உதவியாளர் அடிக்கும். அவளுக்கு நிரல் எழுத ஒத்தாசை செய்கிற அதே உதவியாளர்தான். ஒவ்வொரு கட்டளையும் என்ன செய்யும் என்று இரண்டு வரி விளக்கம் கொடுத்தால் போதும். அந்தக் கட்டளையைத் தன் கருவியாக எடுத்துக்கொள்ளும்.

அவளுக்கு அதைப் பிடித்திருந்தது. சொன்னதைக் கேட்கும். பத்தாவது தடவை கேட்டாலும் முகம் சுளிக்காது. இந்த ஆபீசில் அப்படி வேறு யாரைச் சொல்ல முடியும்?

பன்னிரண்டாவது கட்டளை, நீக்கு.

தொடர்ந்து மூன்று தடவை வராதவரின் பெயரை அது எடுத்துவிடும். அவருடைய நாற்காலி, காத்திருக்கும் அடுத்தவருக்குப் போகும்.

"மூன்று தடவை வராதவரைப் பட்டியலிலிருந்து நீக்கும்" என்று எழுதினாள். நகல் பட்டியலில் ஓட்டிப் பார்க்கச் சொன்னாள்.

காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் முடித்துவிட்டது.

கொம்பையா. நீக்கப்பட்டார்.

பேசியது யார்? ஒய்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நீக்குவதற்கு முன் புரோகிராம் ஒரு கேள்வி கேட்டு நிற்கும். வீட்டுக்குப் போன் செய்து, எடுத்தவர் யாரென்று அடிக்க வேண்டும். மற்ற புரோகிராம்கள் எல்லாம் அந்த இடத்தில் "நிச்சயமா?" என்றுதான் கேட்கும். ஆமாம் என்பதற்கு ஒய் என்ற ஓர் எழுத்தைத் தட்டினால் வழிவிடும். இதுவும் அப்படித்தான் என்று உதவியாளர் தட்டிவிட்டது. பாவம், அதன்மேல் தப்பில்லை. அவள் சொல்லவில்லை.

கீழே வரவேற்பு மேசையில் இருக்கும் ஜெபராணி அக்கா நாளைய பட்டியலை வாங்க மாடிக்கு வந்திருந்தார். எட்டு வருடங்களாகப் போன் செய்கிறவர் அவர்தான். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"ஒய்யின்னா யாரு தாயி? கொம்பையா வீட்டுல அப்படி ஆரும் கெடையாதே."

அவளுடைய சிரிப்பு நின்றுவிட்டது.

முதல் வருடம் அந்தக் கேள்வி கிடையாது.

காய்ச்சலோடு மகள் ஊரில் கிடந்த ஒருவர், அங்கேயே டயாலிசிஸ் செய்துகொண்டு, தேறித் திரும்பி வந்தார். அவருடைய நாற்காலியில் வேறொருவர் இருந்தார். பட்டியலில் பெயர் இல்லை. அந்த வாரம் இடமும் இல்லை.

அடுத்த வாரம் அவருக்கு இடம் தேவைப்படவில்லை.

அன்றைக்கே அந்தக் கேள்வியை எழுதினாள். அழுதுகொண்டுதான் எழுதினாள்.

அதற்குப் பிறகான பதில்கள் எல்லாம் பதிவில் இருந்தன. மெதுவாக மேலே தள்ளிப் பார்த்தாள்.

மனைவி.

மூத்த மகன்.

பக்கத்து வீட்டு டீச்சர்.

மனைவி.

மருமகள். ரொம்ப அழுதாள்.

கடைசிச் சொற்களை யாரும் கேட்கவில்லை. அக்காவாகச் சேர்த்து அடித்தது.

காலையில் மேலாளரின் மெயில் வந்திருந்தது. கேள்வி கேட்டு நிற்கிற இடங்களையெல்லாம் எடுத்துவிடவும், கருவி எங்கேயும் நிற்கக் கூடாது. மற்ற பதினொன்றிலும் எடுத்துவிட்டாள். அவையெல்லாம் சும்மா கேட்கிற கேள்விகள்.

இதிலும் ஒரே வரிதான். அழிக்க ஒரு நொடி ஆகாது.

அவள் அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு விளக்கத்தை அழித்தாள். புதிதாக எழுதினாள்.

"இது ஒருவருடைய நாற்காலியை எடுக்கிற கட்டளை. முதலில் அவர் வீட்டில் மனிதர் யாராவது பேச வேண்டும். உன்னால் பேச முடியாது. நீயாக எதையும் நிரப்பாதே. எதிரில் இருப்பவரிடம் கேள். பதில் வரும்வரை நில்."

மேலாளருக்கு என்ன சொல்வதென்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தத் தடவை நிஜப் பட்டியல். ஓட்டினாள்.

உதவியாளர் நின்றது.

"கொம்பையா மூன்று தடவை வரவில்லை. அவர் வீட்டில் யாரிடம் பேசினீர்கள்? நீங்கள் சொல்லும்வரை நீக்க மாட்டேன்."

திரும்பிப் பார்த்தாள். கீழே மத்தியான முறைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஜெபராணி அக்கா இறங்கிப் போயிருந்தார். அவருடைய போன் நம்பர் நோட்டு மட்டும் மேசைமேல், கொம்பையாவின் பெயர் இருந்த பக்கம் திறந்தபடி இருந்தது.

கேள்வியை எழுதியவள் ஒருநாளும் போன் செய்ததில்லை.

எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அழுகுரல் வந்தால் என்ன சொல்வது? அக்கா என்ன சொல்வார்? ஒருதடவையாவது கேட்டு வைத்திருக்கலாம்.

மணி நின்றுபோனது. மறுபடி அழுத்தினாள்.

எடுத்தார்கள்.

"கொம்பையா ஐயா வீடுதானே?"

இருமல். ஏதோ தட்டு உருளும் சத்தம்.

"வீடென்ன வீடு, நாந்தாம்மா பேசுதேன்."

கோவில்பட்டியில் மகன் வீட்டில் வழுக்கி விழுந்துவிட்டாராம். காலில் கட்டாம். அங்கேயே டயாலிசிஸ் செய்துகொண்டாராம். திங்கட்கிழமை வந்துவிடுவாராம். ஜன்னலோர நாற்காலியை யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிட்டீர்களா என்று இரண்டு தடவை கேட்டார்.

இல்லை என்று இவளும் இரண்டு தடவை சொன்னாள்.

போனை வைத்தபோது திரை அப்படியே நின்றுகொண்டிருந்தது.

யாரிடம் பேசினீர்கள்?

நீக்க வேண்டாம் என்று முதலில் அடித்தாள். பிறகு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெயரை.

கொம்பையா.