துணைக்கு வந்தவர்

"பெரியவர் மறுபடியும் வணக்கம் போட ஆரம்பிச்சுட்டார் சார்!"

பின்வரிசையில் உட்கார்ந்து படிக்கும் கூரியர்காரர் குரல் கொடுக்க, வகுப்பே சிரித்தது.

பெரியவரின் திரையில் 'வணக்கம், வணக்கம்' என்று வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து தடவை மட்டும் வணக்கம் சொல்ல வேண்டிய புரோகிராம் அது. ஒவ்வொரு தடவைக்கும் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்ட வேண்டும். அந்த ஒரு வரியைத்தான் அவர் மறந்துவிடுவார். கம்ப்யூட்டர் நிறுத்தத் தெரியாமல் வணங்கிக்கொண்டே இருக்கும்.

"தேர்தல்ல நிக்கிறவங்ககூட இத்தனை வணக்கம் போட மாட்டாங்க!" என்றார் கூரியர்காரர்.

பக்கத்தில் இருந்த மருமகள் கையை நீட்டி அதை நிறுத்தினாள். விட்டுப்போன வரியைச் சேர்த்தாள்.

"இப்ப ஓட்டிப் பாருங்க மாமா."

திரை ஐந்து வணக்கத்தோடு அடங்கியது. பெரியவர் எல்லாரையும் பார்த்து ஆறாவதாக ஒன்று போட்டார். மறுபடியும் சிரிப்பு.

பயிற்சியாளர் மட்டும் சிரிக்கவில்லை.

இது இலவசக் கோடிங் பயிற்சி. இடம் கிடைக்காமல் வெளியே எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள். இவரோ சேர்ந்த நாளிலிருந்து இதே தப்பைச் செய்கிறார். மதியமானால் நாற்காலியிலேயே தூக்கம் வேறு.

இவரோடு சேர்ந்தே பெயர் கொடுத்த அந்தப் பெண் அப்படியில்லை. பாதி சொல்லும்போதே மீதியைப் பிடித்துக்கொள்வாள். ஆனால் அவளுக்குத் தன் பாடத்தைப் பார்க்க நேரம் எங்கே? காலையில் பெரியவரின் மகன் இருவரையும் காரில் கொண்டுவந்து இறக்கும்போதே, பெரியவர் வாசலில் நின்று அதட்டுவார்.

"பையை எடுத்தியா? மாத்திரை எங்கே? கண்ணாடியைத் துடைச்சு வைன்னு சொன்னேனே!"

"எடுத்துட்டேன் மாமா, துடைச்சுட்டேன் மாமா" என்று அவள் பின்னாலேயே ஓடி வருவாள். பார்க்கும்போதெல்லாம் பயிற்சியாளருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இடைவேளையில் பெரியவரைத் தன் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்."

பெரியவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என்ன சார் இப்படிச் சொல்லிட்டீங்க? அந்த வரியை இனிமே மறக்க மாட்டேன் சார். வேணும்னா கையில எழுதிக்கிட்டு வர்றேன்."

"மறதி மட்டும் இல்லை ஐயா. உங்க மருமகளைப் பாருங்க. நல்லா வர வேண்டிய பொண்ணு. உங்களுக்குப் பணிவிடை செய்யறதிலேயே அவ நேரம் போகுது. நீங்க வீட்டில ஓய்வா இருந்தா அவ நிம்மதியாப் படிப்பா."

"நான் ஓரமா உக்கார்ந்துக்கறேன் சார். கம்ப்யூட்டரே வேண்டாம். ஒரு நாற்காலி போதும். பேரை மட்டும் எடுத்துடாதீங்க."

"கம்ப்யூட்டரைத் தொடாம என்னய்யா கோடிங் கத்துக்கப் போறீங்க?"

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். என்னவோ சொல்ல வந்தவர், வீட்டு விஷயத்தை வெளியே எப்படிச் சொல்வது என்பதுபோல் வாயை மூடிக்கொண்டார்.

"நீங்க சங்கடப்பட வேண்டாம். உங்க பையன்கிட்ட நானே பக்குவமாச் சொல்லிடறேன்."

"ஐயோ, அவன்கிட்ட வேண்டாம் சார்! என்னை நாலு பேர் முன்னால எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. அவன்கிட்ட மட்டும் சொல்லாதீங்க!"

வயதான மனிதருக்கு மகனிடம் மானம் போய்விடும் என்ற பயம். பயிற்சியாளருக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு பெண்ணின் எதிர்காலம் ஆயிற்றே என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு எண்ணை அழுத்தினார்.

"வணக்கம் சார், கோடிங் வகுப்பிலேர்ந்து பேசறேன். உங்க அப்பா விஷயமா... நாளையிலிருந்து அவர் வர வேண்டாம்..."

"அப்பாடா!" என்றது மறுமுனை. "நீங்களாவது சொன்னீங்களே, புண்ணியமாப் போச்சு. இந்த வயசுல எதுக்குப்பா இதெல்லாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேக்கலை. கண்ணு சரியாத் தெரியலை, துணைக்கு ஆள் வேணும்னு என் மனைவியையும் தினம் இழுத்துக்கிட்டுப் போயிடறார். இனிமே அவளும் வீட்டோட இருப்பா."

"அவங்க..."

"அவதான் சார் முதல்ல கேட்டா, இதே வகுப்புக்குப் போறேன்னு. பொம்பளைக்கு வேலையும் வேண்டாம், படிப்பும் வேண்டாம்னு கண்டிப்பாச் சொல்லிட்டேன். மறுநாளே இவர் ஆரம்பிச்சார், நான் படிக்கப் போறேன்னு!"

பயிற்சியாளர் நிமிர்ந்து பார்த்தார்.

பெரியவர் அவரைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியே வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அவள் மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஹலோ, சார்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். நான் இன்னும் சொல்லி முடிக்கலை. இந்த வகுப்புக்குத்தான் வர வேண்டாம்னு சொல்ல வந்தேன். உங்க அப்பா பிரமாதமாப் படிக்கிறார், அவரை மேல் வகுப்புக்கு மாத்தறேன். அது இன்னும் ஆறு மாசம் நடக்கும். வயசானவர் சார், தனியா மட்டும் அனுப்பிடாதீங்க!"