தோய்க்காத சுவெற்றர்

“தோய்க்காத உடுப்பு ஒண்டும் கிடக்கா மகள்?”

விமான நிலையத்தில் இருந்து ரூஜ் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை. மாமி கோட்டைக்கூடக் கழற்றாமல் எங்கள் கட்டிலின் ஓரத்தில் இருந்துகொண்டு கேட்டா.

தேத்தண்ணி வேண்டாம். சாப்பாடு வேண்டாம். மகன் எந்தப் பக்கம் படுக்கிறவன் என்று மட்டும் கேட்டா. காட்டினேன். அந்தப் பக்கம் போய் இருந்துகொண்டா.

என் மனுஷன் ஜனா போய் அன்றைக்கு முப்பத்தேழாம் நாள். மிசிசாகாவில் விமானத்துக்குப் பெட்டி ஏற்றுகிற வேலை. வேலையிடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர்தான், எழும்பவில்லை.

மாமிக்கு விசா கிடைத்தது முப்பத்திரண்டாம் நாள். நாசமாய்ப் போன விசா. பெற்ற தாய் மட்டக்களப்பில் இருந்துகொண்டு மகனின் செத்தவீட்டைப் போனில் பார்த்தா.

“போனில முகம் பாத்தன். போன் மணக்காதே மகள்.”

மாமிக்குப் பிள்ளையைக் கொஞ்சுவதென்றால் மூக்கால்தான். கழுத்தடியில் மூக்கை வைத்து ஒரு இழுவை. எங்கள் கலியாணத்துக்கு ஊருக்குப் போன நேரம் கண்ணால் கண்டிருக்கிறேன். முப்பத்துமூன்று வயது ஆம்பிளை, சபை நடுவில், ஒரு கூச்சமும் இல்லாமல் குனிந்து கழுத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றார். எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

தோய்க்காத உடுப்புக்கு நான் எங்கே போவேன்?

எட்டாம் நாள், செத்தவீட்டுத் துடக்குக் கழிக்கவென்று மாமியின் தங்கச்சி அருள்மலர் சின்னம்மா விடியவே வந்து இறங்கினா. சேட்டு, சாரம், கட்டில் விரிப்பு, தலையணை உறை, ஆஸ்பத்திரியில் பையில் போட்டுத் தந்த உடுப்பு என்று ஜனாவின் மேல் பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டுபோய் மெஷினில் போட்டா. சுடுதண்ணியில், இரண்டு தரம். நான் கீழே, துக்கம் கேட்க வந்தவர்களுக்கு முன்னால் பொம்மை மாதிரி இருந்தேன். யார் கேட்டது அவவை? கேட்டால் முறை என்பா.

அலுமாரியைத் திறந்து சாம்பல் நிறச் சுவெற்றரை எடுத்தேன்.

“இது ஒண்டுதான் தப்பினது மாமி. மெஷினில போடக்கூடாது எண்டு லேபலில கிடந்தது.”

மாமி உடனே அதை அடையாளம் கண்டுவிட்டா. இந்த மாரிக் குளிர் முழுக்க வீடியோவில் மகனை அதோடுதானே பார்த்தா.

ஆட்டுக் கம்பளி பட்டால் ஜனாவுக்குக் கழுத்தெல்லாம் மிளகாய் பூசின மாதிரிச் சிவந்துவிடும். அதனால்தான் ஒட்டகச் சாதி மிருகமான அல்பாக்காவின் ரோமத்தில் பின்னினதை வாங்கினேன். கடைக்காரி அரை மணித்தியாலம் வகுப்பு எடுத்தாள். ஒவ்வொரு ரோமத்துக்குள்ளும் வெற்றிடம் இருக்கிறதாம், சூடு வெளியே போகாதாம். ஆட்டுக் கம்பளியைவிடப் பாரம் குறைவாம். அதில் இருக்கிற கொழுப்பு இதில் இல்லை, கடிக்காதாம். வியர்வை மணமும் பிடிக்காதாம்.

“அப்ப தோய்க்கிற வேலையும் மிச்சம்” என்று அந்தக் கடைசிக் குணத்தில்தான் ஜனா விழுந்தார். தாய்க்குப் போன் எடுத்து, ஒட்டகத்தின் மச்சானைப் போட்டிருக்கிறேன் அம்மா என்று ஒரே பகிடி.

மாமி சுவெற்றரை மடியில் வைத்துக்கொண்டா. அதன் கையைப் பிள்ளையின் கை மாதிரிப் பிடித்துத் தடவினா.

“இதில மணம் பிடிக்காது மாமி” என்று முந்திக்கொண்டு சொன்னேன். “இதின்ர குணம் அப்பிடி. ஒண்டும் வராட்டி மனம் உடையாதேங்கோ.”

மாமி எனக்குக் காது கொடுக்கவில்லை. கழுத்துப் பக்கத்தை விரித்து முகத்தை உள்ளே வைத்தா.

ஒன்றும் வராவிட்டால் இந்த மனுஷி வெறுங்கையோடு மட்டக்களப்புக்குத் திரும்ப வேண்டும். அதை என்னால் பார்க்க முடியாது. கடவுளே, இந்த ஒரு தரம் மட்டும்.

வெகுநேரம் கழித்து மாமி முகத்தை எடுத்தா.

“கிடக்கு” என்றா. “என்ட புள்ளதான்.”

பிறகு வாய்விட்டு அழுதா. விமான நிலையத்திலும் அழாத மனுஷி, காரிலும் அழாத மனுஷி, வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதா. பக்கத்தில் இருந்து நானும் அழுதேன்.

ஜனாவின் சுவெற்றரும் அந்தச் சுடுதண்ணியில்தான் போனது. எடுக்கும்போது மூன்று வயதுப் பிள்ளைக்குத்தான் அளவு. பலகை மாதிரி இறுகி, சவர்க்கார மணத்தோடு என் தலையணை உறைக்குள் கிடக்கிறது. சொந்தத் தங்கச்சி செய்த வேலை என்று தெரிந்தால் மாமி சாகும்வரை மன்னிக்க மாட்டா.

மாமியின் மடியில் கிடக்கிற இது நேற்றுப் பின்னேரம் அதே கடையில், அதே நிறத்தில், அதே அளவில் வாங்கியது. விலைச்சீட்டை வெட்டினேன். முழங்கை இரண்டையும் கதவு விளிம்பில் வைத்துத் தேய்த்தேன். எப்படியும் அதில் மணம் இருக்காதுதானே, மாமிக்குத் தெரியவராது என்று நினைத்தேன்.

மாமி மூக்கைத் துடைத்துக்கொண்டு சுவெற்றரை என்னிடம் நீட்டினா.

“கழுத்தடியில கிடக்கு மகள். நீயும் மோந்து பாரு.”

ஜனா அதை ஒரு நாளும் போட்டதில்லை. எனக்குத் தெரியும்.

வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, முகம் முழுவதையும் உள்ளே வைத்துத் தேடினேன்.