இடது கால் ஷூ

அந்த அம்மாள் அதே பழுப்புச் செருப்பை நான்காவது முறையாகப் போட்டுப் பார்த்தபோது மணி மூன்றே கால்.

நான் கையில் ஒற்றை ஷூவோடு நின்றிருந்தேன். வலது கால். இடது கால் குடோனில் இருந்தது. அதை எடுத்து வர வேண்டிய விற்பனைப் பெண்ணோ, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்த அம்மாளின் காலடியில் குட்டை ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். பெண்கள் பிரிவுக்கு இருப்பதே அவள் ஒருத்திதான்.

மூன்றிலிருந்து நான்கு வரை எல்லாம் பாதி விலை. ஒரு செருப்பைக்கூட முழு விலைக்கு வாங்கியதில்லை என்பதுதான் நாத்தனாரிடம் நான் பீற்றிக்கொள்ளும் ஒரே சாதனை. திங்கட்கிழமை புது வேலை. மூடிய கறுப்பு ஷூ இல்லாமல் உள்ளே விடமாட்டார்களாம். என் அப்பா எனக்கு விட்டுப்போன ஒரே சொத்தான இந்த ஒன்பதாம் நம்பர் பாதத்துக்கு, ஏறி இறங்கிய கடைகளிலெல்லாம் கிடைத்தது இந்த ஒரு ஜோடிதான்.

வேறு யாரும் கொத்திக்கொண்டு போய்விடக் கூடாதே என்று, மூன்று வாரம் முன்பே இந்த வலது காலைக் குழந்தைகளின் ரப்பர் பூட்ஸுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். அது வேறு விஷயம்.

கடைக்கு வந்தால் ஒரு நாகரிகம் வேண்டாமா?

எடுத்து வைத்திருந்தது ஆறு ஜோடி. ஆறையும் முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள் அந்த அம்மாள். வாரைத் தானே குனிந்து போட்டாள், தானே கழற்றினாள். எதிரே ஒருத்தி அதற்காகவே உட்கார்ந்திருக்கிறாளே என்கிற விவரம்கூட இல்லை. அவள் போட்டு வந்த செருப்பின் வார் ஓர் ஊக்கின் தயவில் நின்றது. வாங்குகிற மூஞ்சியா அது?

இத்தனைக்கும் மரியாதை தெரிந்த கடை. வேலை செய்கிறவர்கள் நாள் முழுக்க உட்காரவே கூடாது. வாடிக்கையாளர் காலில் போட்டுப் பார்க்கும்போது மட்டும் அந்த ஸ்டூலில் உட்காரலாம். சுவரிலேயே கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்தால் எனக்கு எப்போதும் ஒரு திருப்தி.

சிலர் ஏசிக்காகவே கடைக்கு வருகிறார்கள் என்று காற்றைப் பார்த்துச் சொன்னேன். அந்த அம்மாள் காதில் விழுந்தது. நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஐந்தாவது முறையாகப் பழுப்புச் செருப்பை எடுத்தாள்.

மூன்றே முக்கால். அதற்கு மேல் பொறுக்க நான் என்ன இளிச்சவாயா? நேராகச் சூப்பர்வைசரிடம் போய்ப் போட்டுக் கொடுத்தேன்.

அவர் வந்து கையை இரண்டு தட்டுத் தட்டினார். வாங்குகிறதென்றால் வாங்குங்கள், இல்லையென்றால் இடத்தைக் காலி செய்யுங்கள் என்றார். அப்படியே ஸ்டூலைக் காலால் ஒரு தள்ளு தள்ளி, அந்தப் பெண்ணையும் எழுந்து நிற்கச் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம்.

அவளால் ஒரே மூச்சில் எழ முடியவில்லை. ரேக்கைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து, நின்று, மூச்சு வாங்கி, மீதி எழுந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

எட்டு மாதம் இருக்கும். யூனிஃபார்மின் கடைசி இரண்டு பொத்தான்கள் போட எட்டாமல் கிடந்தன. கணுக்கால் என்ற ஒன்றே காணோம், அப்படி வீங்கியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதுவும் சுவரில் எழுதியிருந்தது.

அந்த அம்மாள் ஊக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு, பையை எடுக்கிற சாக்கில் அவள் காதருகே குனிந்தாள்.

"உன் மாமியார் நாலரைக்கு வந்துடுவாங்க. அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கோடி, கண்ணு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சம்பந்திகள் இரண்டு பேர் ஒரே விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்ததேயில்லை. இவர்கள் இருவரும் முறை போட்டுக்கொண்டு வந்து செருப்புப் பார்த்திருக்கிறார்கள். நடுவில் நான் ஒரு நியாயவாதி. கேவலமாக இருந்தது.

அந்தப் பெண் என் கையிலிருந்த ஷூவை வாங்க வந்தாள். குடோனுக்கு மாடிப்படி ஏற வேண்டும். அவள் போய் எடுத்து வந்தால் ஐந்து நிமிடம், பில் போட ஐந்து நிமிடம். பாதி விலை. நாத்தனாரிடம் சொல்லலாம்.

வலது கால் ஷூவை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டேன். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன். சூப்பர்வைசர் இன்னும் அங்கேயேதான் நின்றார். அவருக்கும் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

"நீ உக்காரும்மா. இந்த ஆறு ஜோடியையும் ஒண்ணொண்ணா போட்டுப் பாக்கணும். எனக்கு ஒரு அவசரமும் இல்ல."

ஆறும் ஐந்தாம் நம்பர். என் பாதத்தில் பாதிகூட நுழையாது.

அவள் செருப்பைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு, மெல்ல, மிக மெல்ல உட்கார்ந்தாள்.

நான்கு மணிக்கு ஒலிபெருக்கியில் சலுகை நேரம் முடிந்தது என்று அறிவித்தார்கள், நன்றியும் சொன்னார்கள். எனக்குப் பின்னால் ஒற்றைச் செருப்போடு நின்ற ஒருத்தி, உச்சுக் கொட்டிவிட்டு, கடைக்கு வந்தால் ஒரு நாகரிகம் வேண்டாமா என்று காற்றைப் பார்த்துக் கேட்டாள்.

நியாயமான கேள்விதான். நான் பழுப்புச் செருப்பை எடுத்து, நிதானமாக வாரைத் தளர்த்தினேன். நாலரைக்கு இன்னும் இருபத்தெட்டு நிமிடம் இருந்தது.