புதுத் தவிசாளர்

"இனி என்ட கதிரையில நீங்க இருங்க, மகள்."

மாமா நஜாத் எழுந்து ஒதுங்கி நின்றார். றுமானாவுக்கு நம்ப முடியவில்லை. கற்பிட்டியில், கடல்நீர் ஏரியான களப்பின் ஓரம் இறால் பண்ணை நடத்தும் அந்தக் கம்பனியை உண்டாக்கியவரும் அதன் தலைவரான தவிசாளரும் அவர்தான். அவள் அவருடைய மருமகள். பணிப்பாளர் சபையில் இருந்த ஒரே பெண்.

அந்தச் சபையில் அவள் பேச்சு ஒருநாளும் எடுபட்டதில்லை. கழிவுநீரைச் சுத்திகரித்துத்தான் களப்பில் விடுகிறோம் என்று வருடா வருடம் சுற்றாடல் அறிக்கையில் எழுதுவார்கள்.

"அது பொய். கழிவுக் குளத்து வரம்பு இத்துப்போய்க் கிடக்கு. உடைஞ்சா மீனெல்லாம் செத்துப்போகும்," என்று அவள் சத்தம் போடுவாள்.

"தேத்தண்ணி ஆறுது மகள், குடிங்க," என்பார் மாமா. மற்றவர்கள் சிரிப்பார்கள்.

இன்று யாரும் சிரிக்கவில்லை.

"அறிக்கையையும் இனி நீங்களே எழுதுங்க. உள்ளதை உள்ளபடி எழுதுங்க."

"மெய்யாவா மாமா?"

"மெய்தான். எங்களுக்கும் வயசு போயிட்டுது. நாங்க எல்லாரும் விலகுறோம். பொறுப்பு முழுக்க ஒங்கட கையில."

நியமனப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது றுமானாவின் கண் கலங்கியது.

"அல்ஹம்துலில்லாஹ்! முதல்ல அந்த வரம்பைத்தான் கட்டப்போறன்," என்றாள்.

மாமா பேனாவை வாங்கி மூடி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவள் பண்ணைக்குப் போனபோது வாசலில் பெருங்கூட்டம். செத்த மீனைக் கூடை கூடையாகக் கொட்டியிருந்தார்கள். பொலிஸ் ஜீப்பும் நின்றது.

"வரம்பு உடைஞ்சு களப்பே நஞ்சாப் போச்சு! இனி நாங்க எங்க போய் வலை போடுறது? ஆர் இதுக்குப் பொறுப்பு?" மீனவர் பஸ்தியான் கத்தினார்.

றுமானா முன்னால் வந்தாள்.

"நான்தான் அண்ணன். நான்தான் தவிசாளர். ஒண்டையும் மறைக்க மாட்டன்."

பொலிஸ் அதிகாரி அவளுடைய பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். அவள் பண்ணை முகாமையாளர் அமல்ராஜின் பக்கம் திரும்பினாள்.

"வரம்பு எப்ப உடைஞ்சது? ஏன் எனக்குச் சொல்லல்ல?"

அமல்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

"நேத்து விடியக்காலமே உடைஞ்சிட்டுது, மேடம். அப்பவே பெரியவருக்குப் போன் எடுத்துச் சொன்னன். 'ஒருத்தருக்கிட்டயும் வாய் திறக்காதீங்க, பின்னேரத்துக்குள்ள புதுத் தவிசாளர் ஒராளப் போட்டுர்றன்' எண்டார்."