உடைந்த பல்லுக்கு ஒரு புகார்

"ஏனுங்க டாக்டர், இதுக்குப் பேரு வைத்தியமுங்களா?"

ஆர்.எஸ்.புரம் பல் ஆஸ்பத்திரியில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார் கிருபாசங்கர். கைக்குட்டையைப் பிரித்து மேசைமேல் வைத்தார். உள்ளே ஒரு பல் உறை. அதன் அடியில் ஒடிந்துபோன சின்ன வெள்ளைக் குச்சி.

டாக்டர் ரம்ஷா எழுந்து நின்றாள்.

"நாலு மாசம் முன்னாடி என்ற சம்சாரத்துக்கு முன்பல்லுல ரூட் கெனால் பண்ணுனீங்க. பல்லு உள்ளுக்குள்ள பொக்கையாப் போச்சு, ஃபைபர் போஸ்ட்டுன்னு ஒரு குச்சி வெச்சு அதுமேல உறை மாட்டுனா கெட்டியா நிக்கும்னு சொன்னீங்க. வருசக்கணக்குல வரும்னீங்க. நாலே மாசமுங்க! சோளத்தட்டு மாதிரி ஒடிஞ்சு வந்துருச்சு."

அவர் பின்னால் மனைவி பொற்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"எப்படிங்க ஒடஞ்சுது?" என்றாள் ரம்ஷா.

"முறுக்குக் கடிச்சா. கல்லையா கடிச்சா? முறுக்குங்க!"

"அக்கா, நீங்க சொல்லுங்க."

"அவளால பேச முடியுமுங்களா? உதடு வீங்கிக் கெடக்குது. ரெண்டு நாளாக் கஞ்சிதான் குடிக்கறா, பாவம். என்னையக் கேளுங்க, நான் சொல்றேன்."

காத்திருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். ஆனைமலையிலிருந்து வந்திருந்த ஆறுச்சாமி நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டார்.

"எனக்கும் இன்னிக்கு அதையேதானுங்க வெக்கறேன்னு சொல்லியிருக்காங்க. நல்லவேளை, கண்ணுல பாத்துட்டேன். என்ன கொடுமைங்க இது?"

ரம்ஷா பொற்கொடியை உள்ளே அழைத்துப்போய் நாற்காலியில் சாய்த்தாள். கிருபாசங்கரும் கூடவே போய்த் தலைமாட்டில் நின்றுகொண்டார்.

விளக்கைத் திருப்பி உதட்டை மெல்ல விலக்கிப் பார்த்தாள். பக்கத்துப் பல்லை விரலால் தொட்டாள்; அதுவும் ஆடியது. மறுபடி உதட்டின் உள்பக்கம். நேரமாகிக்கொண்டே போனது.

"சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. அக்காகிட்டத் தனியாப் பேசணும்."

"எதுக்குத் தனியா? சமாதானம் பேசி வாயடைக்கவா?" கிருபாசங்கர் கதவை அகலத் திறந்துவைத்தார். "நான் நுகர்வோர் சங்கச் செயலாளருங்க. நூறு கிராம் எடை குறைஞ்சாலே நானு விடமாட்டேன். பேசறதை எல்லாரு முன்னாடியும் பேசுங்க!"

"சரி. முறுக்குக் கடிச்சு இந்தப் போஸ்ட் இப்படி ஒடையாதுங்க."

"கேட்டீங்களா ஐயா?" அவர் ஆறுச்சாமியைப் பார்த்துக் கை நீட்டினார். "பண்றதையும் பண்ணிப்போட்டு, இப்ப பழியத் தூக்கி என்ற சம்சாரத்து மேல போடறாங்க!"

"படிச்சவங்க பேசற பேச்சாம்மா இது?" என்றார் ஆறுச்சாமி. "தப்பாப் போச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன, கொறஞ்சா போயிருவீங்க?"

ரம்ஷாவின் முகம் சிவந்தது. வாயைத் திறந்தாள். பொற்கொடி தலையை லேசாக அசைக்க, மூடிக்கொண்டாள்.

அதைப் பார்த்ததும் கிருபாசங்கருக்கு இன்னும் வேகம் வந்தது. பையிலிருந்து சங்கத்தின் புகார்ப் படிவத்தை எடுத்து, நின்றபடியே எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார்.

"புகார்தாரர், பொற்கொடி. எதிர்தரப்பு, டாக்டர் ரம்ஷா. பாதிப்புக்குக் காரணம், முறுக்குக் கடித்தபோது தரமில்லாத போஸ்ட் உடைந்தது. இதனால் புகார்தாரருக்கு உடல் வேதனை, மன உளைச்சல்."

படிவத்தையும் பேனாவையும் மனைவியின் மடியில் வைத்தார்.

"போடு கையெழுத்த. பாதிக்கப்பட்டவ நீதான், நீ போட்டாத்தான் செல்லும். பயப்படாத, நான் இருக்கறேன்."

போனை எடுத்து வீடியோ காலைப் போட்டு அவளை நோக்கிப் பிடித்தார். "சங்கத்து குரூப்புல எல்லாரும் பாத்துட்டு இருக்காங்க. இன்னொரு பொம்பளைக்கு இந்தக் கதி வரக்கூடாது."

வெளியே இருந்த இரண்டு பேர் கை தட்டினார்கள். ஆறுச்சாமி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றார்.

ரம்ஷா பொற்கொடியின் பக்கத்தில் குனிந்தாள்.

"என் மேல தப்புன்னு தோணுச்சுன்னா தாராளமாப் போடுங்க அக்கா. புகார் குடுத்தாலும் பரவால்ல, இந்தப் பல்லுக்கு நானே வைத்தியம் பாக்கறேன். ஒண்ணே ஒண்ணு. எழுதியிருக்கறது சரியான்னு ஒருதடவை படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

"நான் எழுதுனா சரியாத்தான் இருக்கும்," என்றார் கிருபாசங்கர், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பொற்கொடி படித்தாள். இன்னொரு முறையும் படித்தாள். பிறகு முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, இரண்டு இடத்தில் எதையோ அடித்து எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வாங்கக் கை நீட்டிய கணவரைத் தாண்டி, ஆறுச்சாமியிடம் நீட்டினாள்.

"படிங்கய்யா," என்றாள், உதடு வலிக்க. "குரூப்புல எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

ஆறுச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டு சத்தமாக ஆரம்பித்தார்.

"புகார்தாரர், பொற்கொடி. எதிர்தரப்பு..."

நிறுத்தினார். கிருபாசங்கரை நிமிர்ந்து பார்த்தார். மிச்சத்தையும் படித்தார்.

"எதிர்தரப்பு, என் வீட்டுக்காரர் கிருபாசங்கர். பாதிப்புக்குக் காரணம், அவர் கை."